அரசுக்கு ஒரு நில உச்சவரம்பு

பொதுநிலத்தின் கதை – 14

சென்ற அத்தியாயத்தில், 1878-ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் பெட்டோஸ்கி ஊருக்கு அருகே நடந்த புறாக் கொலையைப் பார்த்தோம். கூடு கட்டியிருந்த பயணப் புறாக்களை வலை போட்டுப் பிடித்து, பீப்பாய் பீப்பாயாக அடைத்து, ரயிலேற்றி நகரச் சந்தைகளுக்கு அனுப்பினார்கள். 36 ஆண்டுகள் கழித்து, 1914 செப்டம்பர் 1 அன்று, சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் மார்த்தா என்ற கடைசிப் புறாவும் செத்துப்போனது. அந்தக் கதையில் வலையும் துப்பாக்கியும் பிடித்தவர்கள்தான் குற்றவாளிகள்.

இந்த அத்தியாயமும் அதே மாநிலத்தில்தான் நடக்கிறது. இதிலும் துப்பாக்கி பிடித்தவர்கள் வருகிறார்கள். ஆனால் அவர்கள் நிற்கும் பக்கம் வேறு. 2012-ஆம் ஆண்டு மிச்சிகன் சட்டமன்றம், மாநில இயற்கை வளத்துறை இத்தனை ஏக்கருக்கு மேல் நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு சட்டம் இயற்றியது. அந்த வரம்பை எதிர்த்தவர்களில் சுற்றுச்சூழல் அமைப்புகளோடு மாநிலத்தின் மிகப் பெரிய வேட்டைக்காரர் கூட்டமைப்பும் இருந்தது. அரசு இன்னும் நிலம் வாங்கட்டும், அதற்கு எங்கள் காசையே எடுத்துக்கொள்ளட்டும் என்று வேட்டைக்காரர்கள் ஏன் கேட்டார்கள்? விடை தெரிய வேண்டுமானால் நூற்றைம்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

வெட்டிவிட்டுப் போன காடு

மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில், சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, கிங்ஸ்டன் சமவெளி என்று ஓர் இடம் இருக்கிறது. புல்லும் வெளிறிய கற்பாசியும் படர்ந்த மணல்வெளி. அதில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அடிமரங்கள் நிற்கின்றன. வெயிலிலும் பனியிலும் சாம்பல் நிறமேறிப்போன கட்டைகள். பலவற்றின் பக்கவாட்டில் கரி படிந்திருக்கிறது. வேரோடு ஊறிய பிசின் காய்ந்து இறுகியதால் அவை இன்னும் மக்கவில்லை. அவை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெட்டப்பட்ட வெள்ளைப் பைன் மரங்களின் மிச்சம். வெட்டிய பிறகு தீப்பிடித்தது. தீ மரக்கழிவோடு சேர்த்து மேல்மண்ணின் மக்கையும் தின்றது. நூறாண்டுக்கு மேலாகியும் அங்கே பழைய காடு திரும்பவில்லை.

அந்த மரங்கள் யாருடையவை? 1836-ஆம் ஆண்டு வாஷிங்டன் உடன்படிக்கையில் ஒடாவா, ஓஜிப்வே மக்கள் ஒரு கோடியே முப்பது இலட்சம் ஏக்கருக்கும் மேலான நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தார்கள். குடியேற்றத்துக்கு நிலம் தேவைப்படும் வரை அங்கே வேட்டையாடும் உரிமை தங்களுக்கு உண்டு என்று அதே உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவில் எழுதி வாங்கியும் கொண்டார்கள். அடுத்த ஆண்டு, 1837-ல், மிச்சிகன் மாநிலமானது. அந்த உரிமையை மாநிலம் நீண்ட காலம் மதிக்கவில்லை. உள்நாட்டு நிலங்களிலும் நீர்நிலைகளிலும் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் அவர்களுக்கு உள்ள உரிமையை ஏற்று மாநிலம் ஒப்பந்தம் செய்துகொண்டது 2007-ல்தான். இந்தத் தொடரில் 'பொதுநிலம்' என்று எழுதும்போதெல்லாம் அந்த நிலத்தில் முன்பு ஒரு மக்கள் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1870 வாக்கில் தொடங்கி முப்பது ஆண்டுகள், அமெரிக்காவிலேயே மிக அதிகமாக மரம் அறுத்த மாநிலம் மிச்சிகன். சாகினா ஆற்றங்கரை முழுக்க மர ஆலைகள். ஒரு பகுதியை மொட்டையடித்ததும் நிறுவனங்கள் அடுத்த பகுதிக்கு நகர்ந்தன. விட்டுச் சென்ற கிளையும் பட்டையும் காய்ந்து கிடந்தன. 1871 அக்டோபர் 8 அன்று மாநிலத்தின் பல மூலைகளில் ஒரே நேரத்தில் தீப்பற்றியது. 1881 செப்டம்பரில் 'தம்ப்' எனப்படும் கிழக்குப் பகுதியில் பத்து இலட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. 282 பேர் இறந்தார்கள். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கிய பின் இறங்கிய முதல் நிவாரணப் பணி அதுதான்.

காடு போன நிலத்தை நிறுவனங்கள் விவசாய நிலம் என்று விளம்பரம் செய்து விற்றன. நம்பி வாங்கியவர்களில் பெரும்பாலோர் புதிதாகக் குடியேறிய ஏழைகள். வடக்கு மிச்சிகன் மண் வெறும் மணல், கோடையும் குறுகியது. இரண்டு மூன்று விளைச்சலுக்குப் பிறகு ஒன்றும் விளையவில்லை. குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயின. விற்க முடியாத நிலத்துக்கு வரி கட்டுவதை நிறுவனங்களும் நிறுத்திக்கொண்டன. வரி பாக்கியான நிலம் சட்டப்படி மாநிலத்தின் கைக்கு வந்தது.

இந்தக் கதையின் ஆணிவேர் இதுதான். வடக்கு மிச்சிகனில் அரசு வைத்திருக்கும் காட்டின் பெரும்பகுதி, அரசு பேராசைப்பட்டு வளைத்துப் போட்டதல்ல. எடுத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு தனியார் கைகழுவிவிட்ட நிலம் அது.

மரம் நட்டவர்கள்

கையில் வந்து விழுந்த நிலத்தை என்ன செய்வதென்று மாநிலத்துக்கு முதலில் தெரியவில்லை. திரும்பத் திரும்ப விற்றுப் பார்த்தார்கள். அது மறுபடியும் வரி பாக்கியாகித் திரும்பி வந்தது. 1899-ல் ஒரு வனவியல் ஆணையம் அமைந்தது. 1903-ல் ராஸ்காமன், கிராஃபோர்ட் கவுண்டிகளில் முதல் மாநில வனம் அறிவிக்கப்பட்டது. ஹிக்கின்ஸ் ஏரிக்கரையில் நாற்றங்கால் போட்டார்கள். கவுண்டி என்றால் நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாக அலகு. இந்த இரண்டு கவுண்டிகளின் பெயர் பின்னால் மறுபடியும் வரும்.

பி. எஸ். லவ்ஜாய் என்ற வனவியலாளர், வெட்டிய காட்டில் உழவர்களைக் குடியேற்றுவது அவர்களை ஏமாற்றுவதாகும் என்று 1920களில் விடாமல் எழுதினார். 1922-ல் தொடங்கிய நிலப் பொருளாதார அளவாய்வுக்குப் பின்னால் இருந்தவர் அவர். எந்த மண்ணில் பயிர் வரும், எந்த மண்ணில் மரம் மட்டுமே வரும் என்று கவுண்டி கவுண்டியாக நடந்து வரைபடம் போட்டார்கள். எங்கே உழலாம், எங்கே உழக்கூடாது என்று அரசு தெரிந்துகொண்டது அந்த வரைபடங்களிலிருந்துதான்.

பிறகு பெருமந்தம் வந்தது. மேலும் இலட்சக்கணக்கான ஏக்கர் வரி பாக்கியில் அரசிடம் வந்தது. 1933 முதல் 1942 வரை குடிமக்கள் பாதுகாப்புப் படை என்ற வேலைத்திட்டத்தில் மிச்சிகனில் மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட இளைஞர்கள் முகாமிட்டு வேலை செய்தார்கள். அவர்கள் நட்ட மரங்கள் 48 கோடிக்கு மேல். இன்று அந்த மாநிலத்தில் நெடுஞ்சாலையின் இருபுறமும் வரிசை பிசகாமல் நிற்கும் செம்பைன் தோப்புகள் பல, அந்த வேலையில்லா இளைஞர்கள் குனிந்து நட்டவை.

பழைய காட்டில் ஒரு சிறு துண்டு தப்பியது. கேரன் ஹார்ட்விக் என்ற பெண்மணி, முதல் உலகப் போர்க்காலத்தில் இறந்த தன் கணவரின் நினைவாக, 1927-ல் கிரேலிங் ஊருக்கு அருகே 8,000 ஏக்கருக்கு மேல் வாங்கி மாநிலத்துக்குக் கொடையளித்தார். அதில் 85 ஏக்கர் மட்டும் கோடரி படாத பைன் காடு. 1940-ல் அடித்த புயலில் அதிலும் பாதிக்குச் சற்றே குறைவான பகுதி சாய்ந்தது. மீதி 49 ஏக்கர் இன்றும் நிற்கிறது. மிச்சிகனின் கீழ்த் தீபகற்பம் ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்று பார்க்க விரும்புகிறவர்கள் அங்கேதான் போகிறார்கள்.

உரிமச் சீட்டின் காசு

காடு இல்லாத இடத்தில் விலங்கும் இல்லை. மிச்சிகனின் எல்க் மான் 1870களிலேயே அற்றுப்போனது. சந்தைக்காகச் சுடுகிறவர்களைக் கட்டுப்படுத்தாவிட்டால் சுடுவதற்கே ஒன்றும் மிஞ்சாது என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் பொழுதுபோக்குக்கு வேட்டையாடியவர்களும் இருந்தார்கள். 1887-ல் சம்பளம் வாங்கும் மாநில வேட்டைக் காவலர் ஒருவரை அமெரிக்காவிலேயே முதன்முதலாக மிச்சிகன் நியமித்தது. பின்னாளில் செனட்டராகிய வில்லியம் ஆல்டன் ஸ்மித்தான் அந்த முதல் காவலர். 1895-ல் மான் வேட்டைக்கு உரிமச் சீட்டு வந்தது. மாநிலத்தவருக்கு 50 சென்ட்; வெளியாருக்கு 25 டாலர்.

1937 இரண்டு வகையில் முக்கியமான ஆண்டு. அந்த செப்டம்பரில் பிட்மேன்–ராபர்ட்சன் சட்டத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் கலால் வரி, பொதுக் கஜானாவுக்குள் போய்க் கரையாமல், வனவிலங்கு வேலைக்கென்று மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படும். அந்த வரி இன்று வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம். இந்தப் பணம் வேண்டுமானால் மாநிலம் ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டும்: வேட்டை உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது. நாட்டு நிதி வரலாற்றில் இவ்வளவு நாள் தாங்கிய ஒப்பந்தங்கள் குறைவு.

அதே ஆண்டில் மிச்சிகனின் ஊர் ஊரான வேட்டை, மீன்பிடி மன்றங்கள் ஒன்றாகச் சேர்ந்து 'மிச்சிகன் யுனைடெட் கன்சர்வேஷன் கிளப்ஸ்' என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. இந்த அத்தியாயத்தின் மையத்தில் இருப்பது அதுதான்.

தெற்கு மிச்சிகனின் நிலை வடக்கிலிருந்து வேறுபட்டது. அங்கே மண் நல்ல மண். நிலம் முழுக்கப் பண்ணையும் நகரமும். டெட்ராய்ட், ஃபிளின்ட், லான்சிங் என்று கார் ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்ததும் அங்கேதான். வரி பாக்கியில் பெருங்காடு எதுவும் அங்கே அரசுக்குக் கிடைக்கவில்லை. ஒரு தொழிலாளி சனிக்கிழமை காலையில் முயலோ காட்டுக்கோழியோ தேடிப் போக வேண்டுமானால், அதற்கு நிலத்தை யாராவது விலை கொடுத்து வாங்க வேண்டும். உரிமக் கட்டணமும் துப்பாக்கி வரியும் சேர்ந்து தெற்கில் மாநில வேட்டை நிலங்கள் பலவற்றை வாங்கின. துப்பாக்கி தூக்காதவர்களும் அங்கே நடக்கலாம், பறவை பார்க்கலாம், காளான் பறிக்கலாம். நுழைவாயிலில் யாரும் உரிமம் கேட்பதில்லை.

நவம்பர் 15 காலை அந்த மாநிலத்தில் திருநாள் போல விடியும். அன்றுதான் துப்பாக்கி மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. பல ஊர்ப் பள்ளிகள் அன்று விடுமுறை விடுகின்றன. வடக்குச் சிற்றூர்களில் கடைத்தெருவில் இரண்டு கம்பம் நட்டு, குறுக்கே ஒரு நீள மரத்தைக் கட்டி வைப்பார்கள். வேட்டையாடிய கலைமான்களை அதில் வரிசையாகத் தொங்கவிட்டு, எடை போட்டு, கொம்பின் கிளைகளை எண்ணுவார்கள். ஆரஞ்சுச் சட்டை போட்ட தாத்தாவும் பேத்தியும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சொந்தமாக ஒரு செண்ட் நிலம் இல்லாதவர்களும் அந்த வரிசையில் நிற்பார்கள். பொதுநிலம் இருப்பதால்தான் அது முடிகிறது.

எண்ணெய்க்குப் பதில் நிலம்

1918-ல் மேற்கு மாநிலங்களிலிருந்து ஏழு எல்க் மான்களைக் கொண்டுவந்து வுல்வரின் என்ற ஊருக்கு அருகே விட்டார்கள். அவை பெருகின. 1919-ல் அந்தப் பகுதியில் பிஜன் நதி மாநில வனம் உருவானது. இன்று அது ஒரு இலட்சம் ஏக்கருக்கு மேல் பரந்த காடு. லவ்ஜாய் அதைப் 'பெருங்காடு' என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்; அவர் இறந்த பின் அவருடைய சாம்பலும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் ஏழு எல்க் மான்கள் 1,500 ஆகியிருந்தன. அளவு மீறிய வேட்டையும் திருட்டு வேட்டையும் வாழிடச் சிதைவும் சேர்ந்து 1975-ல் அவற்றை 200 வரை இறக்கின.

அந்த நேரத்தில்தான் அங்கே எண்ணெய் கிடைத்தது. 1970-ல் ஷெல் நிறுவனம் பிஜன் நதிக் காட்டில் எண்ணெய் கண்டுபிடித்தது. மாநிலத்துக்குக் கனிம உரிமைத்தொகை வேண்டும். எல்க் மானுக்கு அமைதி வேண்டும். வழக்கு பத்தாண்டு இழுத்தது. துளையிட்டால் எல்க் மந்தைக்குக் கேடு வரும் என்று 1979-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1980-ல் சமரசம் ஏற்பட்டு, காட்டின் தெற்கு மூன்றில் ஒரு பகுதியில் மட்டும் துளையிட அனுமதித்தார்கள்.

வேட்டைக்காரர் கூட்டமைப்பு இந்தச் சண்டையின் நடுவே ஒரு யோசனையை முன்வைத்தது. எண்ணெய் ஒரு முறைதான் வரும். அதை எடுத்துத் தின்று தீர்க்காமல், அந்தப் பணத்தில் நிலம் வாங்குங்கள், நிலம் என்றென்றைக்கும் இருக்கும் என்றார்கள். 1976-ல் செனட்டர் கெரி கேமர் பெயரால் நில அறக்கட்டளை நிதிச் சட்டம் நிறைவேறியது. பொதுநிலத்தின் எண்ணெய், எரிவாயு உரிமைத்தொகை இனிப் பொது மக்கள் பயன்படுத்தும் நிலம் வாங்கப் போகும்.

சில ஆண்டுகளிலேயே பொருளாதாரம் சரிந்தது. சட்டமன்றம் அந்த நிதியில் கைவைத்து வேறு செலவுகளுக்கு எடுத்தது. கூட்டமைப்பும் நண்பர்களும் மக்களிடம் போனார்கள். 1984 நவம்பரில் வாக்காளர்கள் அந்த நிதியை மாநில அரசியலமைப்புக்குள்ளேயே எழுதிவைத்தார்கள். சட்டமன்றம் நினைத்தாலும் இனி அதைத் தொட முடியாது. 1976 முதல் அந்த நிதி ஊராட்சிகளுக்கும் மாநிலத்துறைக்கும் வழங்கியது நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பூங்கா, ஏரிக்கரை, நடைபாதை, காடு என்று அதன் பணம் எட்டாத கவுண்டி மிச்சிகனில் இல்லை.

2012: வரம்பு வருகிறது

2012-க்கு வருவோம். மாநில இயற்கை வளத்துறையின் கையில் அப்போது சுமார் 46 இலட்சம் ஏக்கர் இருந்தது. மாநில நிலப்பரப்பில் எட்டில் ஒரு பங்கு. அதற்கு மேல் கூட்டரசின் தேசிய வனங்கள் தனி.

எஸ்கனாபா ஊரைச் சேர்ந்த செனட்டர் டாம் காஸ்பர்சன் ஒரு மசோதா கொண்டுவந்தார். அவர் மேல் தீபகற்பத்துக்காரர். மரம் ஏற்றும் லாரித் தொழில் செய்த குடும்பம். அவர் வாதத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நியாயம் இருந்தது. ராஸ்காமன், கிராஃபோர்ட் போன்ற வடக்குக் கவுண்டிகளில் பாதிக்கும் மேற்பட்ட நிலம் பொதுநிலம். அந்த நிலம் சொத்து வரி கட்டாது. வரிக்கு ஈடாக மாநிலம் ஊராட்சிகளுக்குப் பணம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் வரி பாக்கியில் வந்த நிலத்துக்குத் தரும் தொகை ஏக்கருக்குச் சில டாலர்கள்தான். வாங்கிய நிலத்துக்குத் தர வேண்டியதையும் சட்டமன்றம் பல ஆண்டுகள் முழுதாக ஒதுக்கவில்லை. பள்ளிக்கும் சாலைக்கும் தீயணைப்புக்கும் பணம் வேண்டிய சிறு ஊராட்சி, தன் எல்லைக்குள் அரசு மேலும் ஒரு பண்ணையை வாங்குவதைப் பார்த்துக் கலங்குவது இயல்பு.

மசோதா நிறைவேறியது. ஆளுநர் ரிக் ஸ்னைடர் கையெழுத்திட்டார். 2012-ஆம் ஆண்டின் 240-ஆம் சட்டம் என்று அது பதிவானது. துறை வைத்திருந்த அளவை ஒட்டியே வரம்பு போடப்பட்டது. 2015 மே மாதத்துக்குப் பிறகு அந்த வரம்பு மேசன்–அரெனாக் கோடு என்ற எல்லைக்கு வடக்கே மட்டும், 39,10,000 ஏக்கர் என்று நிற்கும். அதற்குள் துறை ஒரு நில உத்தித் திட்டத்தையும் வகுத்து வைக்க வேண்டும்.

வேட்டைக்காரர்கள் சொன்னது

வேட்டைக்காரர் கூட்டமைப்பு இதை எதிர்த்தது. அவர்கள் பக்கத்து வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

முதலாவது, பணம் யாருடையது என்பது. நிலம் வாங்குவதற்கான பணம் பொது வருவாயிலிருந்து வரவில்லை. உரிமக் கட்டணம், துப்பாக்கி வரி, எண்ணெய் உரிமைத்தொகை ஆகியவையே முக்கிய ஊற்றுகள். அறக்கட்டளை நிதியில் நிலம் வாங்க வேண்டும் என்று மக்களே அரசியலமைப்பில் எழுதினார்கள். பணத்தை அரசியலமைப்பு கொடுக்கும்போது, சட்டம் ஒரு கோடு போட்டு அதைச் செலவழிக்கும் வழியை அடைக்கிறது.

இரண்டாவது, நிலம் விற்பனைக்கு வரும் நேரம். பெருங்காடு தினமும் விற்பனைக்கு வருவதில்லை. 2000களில் மேல் தீபகற்பத்தில் மர நிறுவனங்கள் பெரிய அளவில் நிலத்தைக் கைமாற்றின. அப்படி ஒரு வாய்ப்பில் 2,71,000 ஏக்கர் காட்டை ஒரே ஏற்பாட்டில் பாதுகாக்க முடிந்தது. அதில் பெரும்பகுதிக்குப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டு, மரத்தொழிலும் வேட்டையும் தொடர வழி செய்தார்கள். அறக்கட்டளை நிதியும் அதற்கு உதவியது. அப்படிப்பட்ட வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு ஒரு முறைதான் வரும். தவறவிட்டால் காடு நூறு துண்டாகி, ஒவ்வொரு துண்டிலும் 'அத்துமீறி நுழையாதே' பலகை ஏறும். வரம்பில் முட்டி நிற்கும் துறை, ஒன்றை வாங்க வேண்டுமானால் முதலில் இன்னொன்றை விற்றாக வேண்டும். விற்று முடிப்பதற்குள் வேறொருவர் வாங்கிவிடுவார்.

மூன்றாவது, ஓட்டைகளை அடைப்பது. மாநில வனத்தின் வரைபடத்தைப் பார்த்தால் நடுநடுவே தனியார் துண்டுகள் தெரியும். ஒரு நாற்பது ஏக்கர் துண்டு விற்பனைக்கு வந்தால், அதை வாங்குவதால் பின்னால் இருக்கும் ஆயிரம் ஏக்கர் பொதுநிலத்துக்கு வழி திறக்கும். அப்படிச் சிறு துண்டு வாங்குவதால் அரசின் நிர்வாகச் செலவு குறையும். எல்லைத் தகராறும் குறையும். ஏக்கர் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் சட்டம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

நான்காவது, எளியவர்களின் இடம். நிலம் உள்ளவருக்கு வேட்டை நிலம் தேவையில்லை. பணம் உள்ளவர் குத்தகைக்கு எடுப்பார். ஆலைத் தொழிலாளியும் ஆசிரியரும் செவிலியரும் எங்கே போவார்கள்? இந்தக் கேள்விதான் வேட்டைக்காரர்களின் எதிர்ப்புக்கு உயிர் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன். ஐரோப்பாவில் மான் அரசனுக்கும் பிரபுவுக்கும் உரியதாக இருந்த வரலாற்றை இந்தத் தொடரின் முதல் அத்தியாயங்களில் பார்த்தோம். அமெரிக்காவில் விலங்கு எல்லாருக்கும் பொது என்பது சட்டம். விலங்கு பொதுவாக இருந்து நிலம் முழுக்கத் தனியாருடையதாகிவிட்டால், அந்தச் சட்டம் ஏட்டோடு நின்றுவிடும்.

வேட்டைக்காரர்கள் எல்லாரும் தூய பொதுநலத்தில் பேசினார்கள் என்று நான் சொல்லவில்லை. மானும் காட்டுக்கோழியும் பெருக இளங்காடு வேண்டும்; அதற்காக மரத்தை மொட்டையாக வெட்டச் சொல்வதும் அவர்கள்தான். பழங்காட்டையும் அரிய பறவையையும் நேசிப்பவர்களுக்கு அவர்களோடு ஓயாத பிணக்கு உண்டு. தங்கள் பொழுதுபோக்குக்கு நிலம் வேண்டும் என்பதும் அவர்கள் மனதில் இருந்தது உண்மை. ஆனால் தங்களுக்கு வேண்டியதை எல்லாருக்கும் திறந்த நிலமாகக் கேட்டார்கள்; அதற்கான விலையையும் தாங்களே கட்டினார்கள்.

பிறகு நடந்தது

வரம்பு வந்த பிறகும் நிலம் கைமாறுவது நிற்கவில்லை. 2015-ல் மேல் தீபகற்பத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்காக 10,000 ஏக்கருக்கும் மேற்பட்ட மாநில நிலத்தையும் உரிமைகளையும் கிரேமாண்ட் என்ற நிறுவனத்துக்கு மாற்ற அரசு ஒப்புக்கொண்டது. அந்தப் பகுதியின் பழங்குடிகள் எதிர்த்தார்கள். அரசு நிலத்தை விடுவதற்கு உச்சவரம்பு எதுவும் இல்லை; வாங்குவதற்கு மட்டுமே இருந்தது.

துறை 2013-லேயே தன் உத்தித் திட்டத்தைச் சமர்ப்பித்திருந்தது. எந்த நிலம் எதற்கு, எது தேவையில்லாத துண்டு, எதை உள்ளூருக்குக் கொடுக்கலாம் என்று அதில் வகைப்படுத்தினார்கள். 2018-ல் சட்டமன்றம் வரம்புச் சட்டத்தைத் திருத்தியது. வெறும் ஏக்கர் எண்ணிக்கையிலிருந்து, துறை குறித்த காலத்துக்கு ஒருமுறை திட்டம் வகுத்துச் சட்டமன்றத்திடம் ஒப்புதல் பெறுவது, ஊராட்சிகளுக்குரிய ஈட்டுத்தொகையை ஒழுங்காகக் கொடுப்பது ஆகியவற்றின் பக்கம் விவாதம் நகர்ந்தது. அது சரியான திசை.

வாக்குச்சீட்டில் கேட்டபோதெல்லாம் மிச்சிகன் மக்கள் ஒரே விடைதான் சொன்னார்கள். உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது என்ற அரசியலமைப்புத் திருத்தத்தை 2006-ல் ஐந்தில் நான்கு பங்கினர் ஆதரித்தார்கள். அறக்கட்டளை நிதிக்குத் தொடர்ந்து பணம் வர வழிசெய்யும் திருத்தத்துக்கு 2020-ல் 84 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். கட்சி பிளந்து கிடக்கும் ஒரு மாநிலத்தில் இவ்வளவு ஒற்றுமை அரிது.

ஒரு கவலையையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். மிச்சிகனில் வேட்டை உரிமம் வாங்குவோர் எண்ணிக்கை 1990களிலிருந்து குறைந்துகொண்டே வருகிறது. பழைய வேட்டைக்காரர்களுக்கு வயதாகிறது, பிள்ளைகள் நகரத்தில். நூறாண்டுக்கு மேலாகக் காட்டின் செலவை ஒரு சமூகம் ஏற்றுக்கொண்டது. அந்தக் காட்டில் நடக்கிறவர்கள், மிதிவண்டி ஓட்டுகிறவர்கள், பறவை பார்க்கிறவர்கள் இனி தங்கள் பங்கைக் கட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது.

இந்த வரலாற்றைப் படித்து நான் வந்து சேர்ந்த முடிவு இது. வடக்குக் கவுண்டிகளின் குறை உண்மையான குறை. அதற்கு மருந்து ஈட்டுத்தொகையை ஆண்டுதோறும் முழுதாகவும் தவறாமலும் கொடுப்பது. கடன் பட்டவர் கடனைக் கட்டாமல், இனி எதையும் வாங்க மாட்டேன் என்று சத்தியம் செய்வதால் கடன்காரருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. எந்த நிலத்தை ஏன் வாங்குகிறோம் என்று அரசு மக்கள் முன் விளக்கட்டும், தேவையற்றதை விற்கட்டும், கணக்குக் காட்டட்டும். ஆனால் எதிர்காலத்தில் எந்தக் காடு விற்பனைக்கு வரும் என்று தெரியாத நிலையில், ஓர் எண்ணை எழுதிவைத்துக் கதவைச் சாத்துவது பின்வரும் தலைமுறையின் உரிமையை இன்றே விற்பதாகும். மிச்சிகன் வேட்டைக்காரர்கள் அதை எதிர்த்தது சரி.

அடுத்த அத்தியாயத்தில் வடக்கு டகோட்டா. வாத்து வேட்டைக்காரர்களின் முத்திரைப் பணத்தில் கூட்டரசு சதுப்புநிலம் வாங்க வந்தபோது, மாநிலம் 1977-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1983-ல் தீர்ந்தது.